பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கிட்டாருக்குத் தயார் செய்வது: காவிரி டெல்டாவுக்கான வழிமுறை

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் பழைய மைக்செட் கடைகளின் பரணில் இன்னமும் வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயர்கள் கிடக்கின்றன. டிரான்சிஸ்டர் செட் வந்ததும் ஓரங்கட்டப்பட்டவை. கிட்டார் வாசிப்பவருக்கு அவற்றில் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் விடக்கூடாது. அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கும் தூரம் அதிகமில்லை. முன்னால் சிறு சிக்னலைப் பெருக்கும் ஈசிசி83 வால்வு, அடுத்து சிக்னலை எதிரெதிரான இரண்டாகப் பிரிக்கும் ஃபேஸ் ஸ்ப்ளிட்டர், பிறகு இரண்டோ நான்கோ பவர் வால்வுகள் புஷ்-புல்லாக (அலையின் இரு பாதியை மாறி மாறிச் சுமந்து), கடைசியில் அதை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். பெயர் பெற்ற வாக்ஸ் ஏசி30-ல் வேலை செய்வது நான்கு ஈஎல்84. ரேடியோகிராமிலும் சிறிய மைக்செட்டிலும் உட்கார்ந்திருப்பது அதே வால்வுதான். 1962-ல் லண்டனில் உருவான மார்ஷல் ஜேடிஎம்45, ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ சர்க்யூட்டை ஒட்டிச் செய்யப்பட்டது. ஆக, நல்ல சர்க்யூட் ஊர் ஊராகக் கைமாறித்தான் வந்திருக்கிறது.

அந்த நாதத்துக்குக் காரணங்கள் உண்டு. வால்வு தன் எல்லையைத் தொடும்போது அலையின் முனையைப் படிப்படியாக வளைக்கிறது, வெட்டி எறிவதில்லை. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயரும் வால்வாக இருந்தால், தந்தியை ஓங்கி மீட்டும் கணத்தில் எச்டி (வால்வுகளுக்கான உயர் டிசி) வோல்ட்டேஜ் சற்றுத் தாழ்ந்து மீளும். அதனால் சுரம் முதலில் அமுங்கிப் பிறகு மலர்கிறது. நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கைத் தலைகீழாக உள்ளே திருப்பி ஒலியைக் கட்டுப்படுத்துவது) குறைவாக இருப்பதால் ஸ்பீக்கர் கோனும் தன் இயல்பான ஒத்ததிர்வைக் காட்டுகிறது. விரலின் அழுத்தம் மாறினால் ஒலியின் குணமே மாறும். வாசிப்பவர்கள் இதற்காகத்தான் இத்தனை எடையைத் தூக்குகிறார்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது

மதிப்பு டிரான்ஸ்ஃபார்மர்களில் இருக்கிறது. வால்வு, கண்டென்சர், ரெசிஸ்டர் எல்லாம் இன்றும் கிடைக்கும். பழைய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டால் அதே சுற்றுக் கணக்கில் திரும்பச் சுற்றித் தருபவரைத் தேடி அலைய வேண்டும். அதனால் முதலில் முகர்ந்து பாருங்கள். கருகிய வார்னிஷ் வாடை, அடியில் தார் வழிந்த தடம், ஒரு பக்கம் மட்டும் கறுத்த காகித உறை இவற்றில் ஒன்று இருந்தாலும் விலை பேசாதீர்கள்.

அடுத்து மல்டிமீட்டர். ப்ளக்கின் இரண்டு முனைகளுக்கு இடையே, சுவிட்ச் போட்ட நிலையில், 5 முதல் 30 ஓம் வரை வந்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி அறுந்துபோகவில்லை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் நடு டேப்பிலிருந்து (சுற்றின் நடுவில் எடுத்த ஒயர்) இரு பவர் வால்வுகளின் பிளேட் (கரண்டு வந்து சேரும் தகடு) வரை தனித்தனியாக அளக்க வேண்டும். உள்சுற்று, வெளிச்சுற்று நீளம் வேறு என்பதால் இரு பாதிக்கும் இடையே பத்து சதவீத வித்தியாசம் சாதாரணம். ஒரு பக்கம் 90 ஓம், மறுபக்கம் 40 ஓம் என்றால் சுற்றுக்குள் ஷார்ட் இருக்கிறது. எந்தச் சுற்றும் சேஸிஸை (உலோகச் சட்டத்தை) தொடக்கூடாது.

டெல்டாவில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இது வெள்ளத்தில் நின்றதா? 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது எத்தனையோ வீடுகளில், கடைகளில் மின்சாதனங்கள் நனைந்தன. நனைந்த டிரான்ஸ்ஃபார்மர் வெளியே உலர்ந்து தெரியும், உள்ளே காகிதம் ஈரத்தை வைத்திருக்கும். சாதா மல்டிமீட்டர் இதைக் காட்டாது. மோட்டார் வைண்டிங் கடையில் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கி, வால்வுகளையெல்லாம் கழற்றி, பிரைமரிக்கும் சேஸிஸுக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 100 மெகா ஓமுக்கு மேல் என்றால் நிம்மதி. 2 மெகா ஓமுக்குக் கீழே என்றால் கரண்டு கொடுக்கவே வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி 60 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி மறுபடி அளக்க வேண்டும்.

கீழ்த்தட்டைத் திறந்தால் குளவி மண்கூடு, பல்லி முட்டை, எலி கொறித்த ஒயர் எல்லாம் இருக்கும். மண்கூட்டை மென்மையான பிரஷ்ஷால் எடுத்துவிடலாம். ரப்பர் உறை போட்ட ஒயர் வளைத்தால் பொடிகிறது என்றால் அந்த ஒயர் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். ஃபியூஸ் ஹோல்டரையும் கழற்றிப் பாருங்கள். ஃபியூஸ் மேல் தாமிரக் கம்பியைச் சுற்றிவிட்டிருந்தால், முன்பு அடிக்கடி ஃபியூஸ் போயிருக்கிறது, காரணத்தை யாரும் தேடவில்லை என்று அர்த்தம். கரண்டிலிருந்து 150 வாட் இழுக்கும் செட்டுக்கு 230 வோல்ட்டில் சுமார் 0.65 ஆம்பியர்தான். 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ (கணநேர ஏற்றத்தைத் தாங்கும்) ஃபியூஸ் போதும்.

வால்வுக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். எழுத்து அழிந்துவிடும். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-லிருந்து செய்த வால்வுகள் இந்தச் செட்டுகளில் இன்னும் உண்டு. எழுத்து போனால் எது எதென்று சொல்ல முடியாது. உள்ளே கண்ணாடியில் படிந்திருக்கும் வெள்ளிப்பூச்சு பளபளப்பாக இருந்தால் வெற்றிடம் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அது பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது.

கை வைக்கும் முன்

இதற்குள் 300 முதல் 500 வோல்ட் டிசி ஓடுகிறது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் டிசியைச் சமன்படுத்தும் ஃபில்டர் கண்டென்சர்களில் அது தங்கும், ஆளைக் கொல்லப் போதுமானது. 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் இன்சுலேட்டட் கிளிப் பொருத்தி, ஒன்றைச் சேஸிஸிலும் மற்றதைக் கண்டென்சரின் பாசிட்டிவிலும் மாட்டி அரை நிமிடம் விடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். பொறி பறக்கும், கண்டென்சரும் கெடும். பிறகு மல்டிமீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கலாம். செட் ஓடும்போது அளக்க நேர்ந்தால் இடக்கை முதுகுப் பக்கம், காலில் செருப்பு, தரையில் ஈரம் கூடாது. இதையெல்லாம் இதுவரை செய்யாதவர்கள் வால்வு ரேடியோ பழுது பார்த்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வதே சரி.

பழைய செட்டில் இரட்டை ஒயர், இரண்டு முனை ப்ளக் இருக்கும். அதை எடுத்துவிட்டு மூன்று ஒயர் கார்டு போடுங்கள். பச்சை ஒயரை டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டோடு சேர்க்காமல், சேஸிஸில் தனி போல்ட்டில், பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு முறுக்குங்கள். கரண்டு லைனிலிருந்து சேஸிஸுக்கு ஒரு சிறு கண்டென்சர் போயிருந்தால் வெட்டி எடுங்கள். அது ஷார்ட் ஆனால் கிட்டார் தந்தியிலேயே ஃபேஸ் ஒயரின் கரண்டு வந்துவிடும். பாடகரின் உதடு எர்த் ஆன மைக்கைத் தொடும் மேடையில் இது உயிர் விஷயம்.

முதல் முறை கரண்டு கொடுப்பது

நேரடியாகச் சுவிட்ச் போடாதீர்கள். சீரிஸ் பல்பு போர்டு ஒன்று செய்துகொள்ளுங்கள்: ஃபேஸ் ஒயரில் 60 வாட் குண்டு பல்பு, அதற்குப் பின் ஆம்ப்ளிஃபயர். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை பல்புதான் வேண்டும். எல்லா வால்வையும் கழற்றிவிட்டு முதலில் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் கரண்டு கொடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். ஹீட்டரில் 6.3 வோல்ட் வர வேண்டிய இடத்தில், வால்வு இல்லாத நிலையில் சற்றுக் கூடக் காட்டுவது வழக்கம்.

அடுத்து ஃபில்டர் வேலை செய்யும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள். பல ஆண்டு சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக்கின் உள்ளே ஆக்ஸைடு படலம் மெலிந்துபோயிருக்கும். திடீரென்று 350 வோல்ட் ஏறினால் கசிந்து சூடேறி வெடிக்கும். மெதுவாகப் படலத்தை மீட்க வழி உண்டு. கண்டென்சரின் ஒரு காலைச் சர்க்யூட்டிலிருந்து விடுவித்து, 100 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் வழியாக 300 வோல்ட் டிசி கொடுங்கள். ரெசிஸ்டருக்குக் குறுக்கே மல்டிமீட்டரை வையுங்கள். 100 வோல்ட் காட்டினால் 1 மில்லி ஆம்பியர் கசிவு. சில மணி நேரத்தில் அது 30 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கண்டென்சர் தேறிவிட்டது. 100-லேயே நின்றால் மாற்ற வேண்டியதுதான். இணையாக ப்ளீடர் ரெசிஸ்டர் (தேங்கிய மின்னை வடிப்பது) இருப்பதை மறந்து காலை விடுவிக்காமல் செய்தால் அளவு இறங்கவே இறங்காது.

எங்கள் கருத்து: நாற்பது வயது தாண்டிய எலக்ட்ரோலிட்டிக்கை மீட்டுப் பயனில்லை, மாற்றுங்கள். சேஸிஸ் மேலே நிற்கும் அலுமினியக் குவளையைத் தோற்றத்துக்காக அப்படியே விட்டு, இணைப்பை மட்டும் துண்டித்து, புதியதை அடியில் பொருத்தலாம். அளவைக் கூட்டும் ஆசைக்கு மட்டும் இடம் தராதீர்கள். ரெக்டிஃபயர் வால்வுக்கு ஓர் எல்லை இருக்கிறது. முதல் கண்டென்சர் ஜிஇசட்34-க்கு 60 மைக்ரோஃபாரட், ஈஇசட்81-க்கு 50. அதற்கு மேல் போனால் சுவிட்ச் போட்டதும் பாயும் கரண்டு ரெக்டிஃபயரைத் தின்றுவிடும். உறுமலைக் குறைக்கவென்று 220 மைக்ரோஃபாரட் போட்டுவிட்டு, ரெக்டிஃபயர் வால்வு ஏன் அடிக்கடி போகிறது என்று கேட்பவர்கள் உண்டு.

கப்ளிங் கண்டென்சர்: பாதிப் பழுதுக்கு இதுதான் காரணம்

ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்குச் சிக்னலை மட்டும் விட்டு டிசியைத் தடுப்பது கப்ளிங் கண்டென்சர். அதில் பழைய மெழுகுக் காகித வகை டெல்டாவின் ஈரத்தைத் தாங்குவதில்லை. சித்திரையில் ஒழுங்காக ஓடும் செட் ஐப்பசி அடைமழையில் பவர் வால்வைச் சிவக்க வைக்கும். காகிதம் ஈரம் குடித்து டிசியைக் கசியவிடுகிறது. முன் ஸ்டேஜின் பிளேட் வோல்ட்டேஜ் பவர் வால்வின் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் வலைக்கு) வந்து, கிரிட் பாசிட்டிவ் ஆகி, வால்வு அளவுக்கு மீறி இழுக்கிறது.

சோதனை எளிது. பவர் வால்வுகளை மட்டும் கழற்றிவிட்டு மற்றவற்றுடன் கரண்டு கொடுங்கள். சுமை இல்லாததால் எச்டி ஏறும், கண்டென்சர்களின் வோல்ட்டேஜ் அளவு அதைத் தாங்குமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பயாஸ் என்பது சிக்னல் இல்லாதபோது வால்வு இழுக்கும் கரண்டை நிர்ணயிக்கும் கிரிட் வோல்ட்டேஜ். கேத்தோடில் (எலக்ட்ரான் கிளம்பும் முனை) போட்ட ரெசிஸ்டரே அதைத் தரும் கேத்தோடு பயாஸ் செட் என்றால் வால்வு பேஸில் கிரிட் காலில் (ஈஎல்84-க்கு 2-ஆம் கால், பெரிய பவர் வால்வான ஈஎல்34-க்கு 5-ஆம் கால்) பூஜ்யம் காட்ட வேண்டும். தனி நெகட்டிவ் சப்ளை கொடுக்கும் ஃபிக்ஸட் பயாஸ் என்றால் இரு கிரிட்டிலும் ஒரே நெகட்டிவ் அளவு. கால் மணி நேரம் சூடான பிறகு அரை வோல்ட் பாசிட்டிவ் பக்கம் நகர்ந்தாலும் அந்தக் கண்டென்சர் கழிவு. 630 வோல்ட் பாலிப்ரோப்பிலீன், அதே மைக்ரோஃபாரடில் போடுங்கள். வால்யூம் குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்பும், கிளீனர் அடித்த பிறகும் திரும்பி வந்தால், அதே கசிவுதான். டிசி குமிழின் தடத்தில் ஏறியிருக்கிறது. குமிழை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

பயாஸ் கணக்கு

இரண்டு ஈஎல்84 ஒரே 130 ஓம் கேத்தோடு ரெசிஸ்டரைப் பகிர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ரெசிஸ்டருக்குக் குறுக்கே 10 வோல்ட். 10-ஐ 130-ஆல் வகுத்தால் 77 மில்லி ஆம்பியர், ஒரு வால்வுக்கு 38.5. ஸ்கிரீன் (பிளேட்டுக்கு முன் உள்ள இரண்டாவது கிரிட்) இழுக்கும் 4-ஐக் கழித்தால் பிளேட்டுக்கு 34.5. பிளேட்டில் 300 வோல்ட் இருந்தால், கேத்தோடின் 10-ஐக் கழித்து 290. பெருக்கினால் 10 வாட். ஈஎல்84-இன் எல்லை 12 வாட் என்பதால் இது நல்ல இடம். ஈஎல்34 ஃபிக்ஸட் பயாஸில் இருந்தால் கேத்தோடுக்கும் சேஸிஸுக்கும் இடையே 1 ஓம் ரெசிஸ்டர் போட்டு மில்லி வோல்ட்டில் படியுங்கள், 40 மில்லி வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர். 25 வாட் எல்லையில் 65 சதவீதம் போதும். 400 வோல்ட்டில் அது 40 மில்லி ஆம்பியருக்குப் பக்கம்.

பிளேட் செந்நிறமாக ஒளிர்ந்தால் அந்த நொடியே சுவிட்சை அணைக்க வேண்டும். கண்ணாடியின் உட்பரப்பில் நீல மினுக்கம் ஒட்டியிருந்தால் பயமில்லை. பிளேட்டுக்கு நடுவே இளஞ்சிவப்பு ஊதா மேகம் தெரிந்தால் உள்ளே வாயு இருக்கிறது, வால்வு முடிந்தது.

உறுமல் எங்கிருந்து

காதால் பிரிக்கலாம். 100 ஹெர்ட்ஸ் உறுமல் ஃபில்டர் கண்டென்சரிலிருந்து வருவது. 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டர் ஒயர், எர்த் லூப், ஷீல்ட் இல்லாத இன்புட் ஒயர் இவற்றில் ஒன்று. பேட்டரியில் ஓடும் சுருதிப் பெட்டியையோ செல்பேசி டியூனரையோ பக்கத்தில் வைத்தால் சுரம் எந்தப் பக்கம் என்று பிடிபடும்: 50 ஹெர்ட்ஸ் ஜி சுரத்துக்குச் சற்று மேல், 100 ஹெர்ட்ஸ் அதன் மேல்ஸ்தாயி. பிறகு முன் வால்விலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதை எடுத்ததும் உறுமல் நிற்கிறதோ பழுது அதற்கு முன்னால் அல்லது அதிலேயே. எல்லா ஈசிசி83-ஐயும் எடுத்த பிறகும் உறுமினால் பவர் வால்வு ஜோடி பொருந்தவில்லை, அல்லது முதல் ஃபில்டர் தளர்ந்துவிட்டது. மூங்கில் குச்சியால் வால்வை மெல்லத் தட்டிப் பாருங்கள். மணிபோல ஒலித்தால் அதை முன் ஸ்டேஜிலிருந்து ஃபேஸ் ஸ்ப்ளிட்டருக்கு மாற்றினாலே அடங்கிவிடும்.

கிட்டார் இன்புட்

மைக் இன்புட்டின் கிரிட் ரெசிஸ்டர் சிறியது, சிலவற்றில் மைக் டிரான்ஸ்ஃபார்மரே இருக்கும். கிட்டார் பிக்கப் (தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்குவது) பல ஹென்றி இண்டக்டன்ஸ் உள்ள சுருள், சிறிய ரெசிஸ்டருக்கு முன் அதன் மேல் ஸ்தாயி செத்துவிடும். அதனால் ஒரு சேனலை மட்டும் மாற்றுங்கள். கிரிட்டிலிருந்து எர்த்துக்கு 1 மெகா ஓம், ஜாக்கிலிருந்து கிரிட்டுக்கு 68 கிலோ ஓம். அந்த 68 கிலோ ஓமை வால்வு பேஸின் காலோடு ஒட்டியே சால்டர் வையுங்கள், தூரம் விட்டால் ரேடியோ நிலையம் கேட்கும். ஷீல்ட் ஒயரின் வலையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். கேத்தோடு நேராக எர்த்தில் இருந்து கிரிட்டில் 5 அல்லது 10 மெகா ஓம் இருந்தால், கிட்டாரின் பலமான சிக்னலுக்கு அது அடைத்துக்கொள்ளும். கேத்தோடில் 1.5 கிலோ ஓம், அதற்கு இணையாக 25 மைக்ரோஃபாரட் போட்டால் சரியாகும்.

முகப்புத் தகட்டில் புதிய துளை போடாதீர்கள். இருக்கும் ஓட்டையில் பொருந்தும் ஜாக்கைத் தேடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கவரில் போட்டு, எது எங்கிருந்தது என்று எழுதி, கேபினெட்டுக்குள் கட்டிவையுங்கள். முழுமையாகத் திரும்ப முடியும் செட்டுக்குத்தான் நாளை மதிப்பு.

ஸ்பீக்கர்

டிரான்சிஸ்டர் செட்டில் பழகியவர்கள் ஷார்ட்டுக்குப் பயப்படுவார்கள். வால்வு செட்டுக்கு ஸ்பீக்கர் ஒயர் விட்டுப்போவதுதான் பெரிய ஆபத்து. சுமை இல்லாமல் சிக்னல் வந்தால் பிரைமரியில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, சுற்றுக்குள் பொறி விழுந்து டிரான்ஸ்ஃபார்மர் போகும். எனவே ஸ்பீக்கரை மாட்டிய பிறகே சுவிட்ச்.

பின்பக்கம் 4, 8, 15 ஓம், 100 வோல்ட் என்று முனைகள் இருக்கும். 100 வோல்ட் முனை குழாய் ஸ்பீக்கர் லைனுக்கானது. 50 வாட் செட்டில் அங்கே இருக்க வேண்டிய சுமை 200 ஓம். அதில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் பவர் வால்வுக்கு இருபத்தைந்து மடங்கு கனமான சுமை. 12 அங்குல, 8 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் முனையில், ஆம்ப்ளிஃபயரைப் போல இரு மடங்கு வாட்டில் மாட்டுங்கள். குழாய் ஸ்பீக்கரில் கிட்டாரின் கீழ்த் தந்திகள் கேட்காது.

டெல்டாவில் வைத்துக்கொள்ள

இரவு பத்து மணிக்கு மேல் பல ஊர்களில் கரண்டு 250 வோல்ட் தொடும். வோல்ட்டேஜ் செலக்டர் 220-ல் நின்றால் ஹீட்டருக்குச் சுமார் 7.2 வோல்ட் போகும், 6.9-க்கு மேல் கூடாது. செலக்டரை 240-க்கு மாற்றுங்கள். சாமி புறப்பாட்டு வண்டியின் ஜெனரேட்டரில் இதை மாட்டவே வேண்டாம். எஞ்சின் தளர்ந்து ஃப்ரீக்வென்சி இறங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் இரும்பு காந்தத்தில் நிறைவடைந்து கொதிக்கும். அமெரிக்க 117 வோல்ட் செட் வைத்திருப்பவர்கள் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் வாட் அளவு செட்டின் தேவைக்கு ஒன்றரை மடங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

நெல் மூட்டை அடுக்கிய அறையில் வைக்காதீர்கள், எலி வரும். பின்பக்கத் திறப்புக்கு அரை அங்குலக் கண் வலை பெரிது, கால் அங்குலம் போடுங்கள். அறுவடை நாளில் வைக்கோல் தூசி வால்வு பேஸில் படிந்து ஈரத்தைப் பிடிக்கும், துணி மூடி வேண்டும், ஆனால் ஓடும்போது மூடக்கூடாது. நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணிக் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றுக்கு, சேஸிஸ் போல்ட்டுகளில் மெல்லிய வாஸ்லின் தடவலாம். வால்வுக் கால்களில் தடவக் கூடாது, அங்கே ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் பல்லிடுக்கு பிரஷ்ஷும். மழைக்காலத்தில் ஒரு மாதம் ஓட்டாமல் விட்டிருந்தால், முந்தின இரவு கேபினெட் அடியில் 15 வாட் இழை பல்பை எரியவிட்டு, மறுநாள் சீரிஸ் போர்டு வழியாகப் பத்து நிமிடம், அதன் பிறகு நேர் கரண்டு. மற்றபடி மாதம் ஒருமுறை ஸ்பீக்கரோடு அரை மணி நேரம் ஓட்டிவைத்தால் எலக்ட்ரோலிட்டிக் படலம் மெலியாது.